ஐயா, பளைய பாட்டு

அச்சங்குளத்துப் பட்டாசு கம்பெனியில் வேலை போய், விருதுநகரைப் பார்த்து நடந்துகொண்டிருந்தேன். தண்ணீர் கேட்டு நுழைந்த வீட்டில், சிவந்த கண்களோடு ஒரு மிளகாய் மண்டிக்காரர் ரிமோட்டை வாயருகே பிடித்துப் புது டிவியிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

“ஐயா, பளைய பாட்டு போடுங்க.”

டிவியில் பளுதூக்கும் போட்டி ஓடியது.

“மிசினுக்கு எதுக்கு மரியாதை? இன்னிக்குப் பாடலைன்னா கடைக்கே திருப்பிக் குடுத்துருவேன்,” என்றார் மனைவி.

“சும்மாரு. அதட்டுனா கோவிச்சுக்கிருவாக.”

நான் ரிமோட்டை வாங்கி, “பழைய பாட்டு” என்றேன். உடனே பாடியது.

“எம்புட்டு படிச்சிருக்கீக?” என்றார் மண்டிக்காரர்.

“அஞ்சாப்பு.”

“அம்புட்டும் அந்த ஒத்தை எழுத்துக்கே செலவாயிருக்கும் போல. காலைல மண்டிக்கு வாங்க, வேலை தாரேன். சாயங்காலம் டிவிகிட்டப் பேசிட்டுப் போங்க.”

மறுநாள் காலை வேலைக்குச் சேர்ந்தேன். எடை மிசினிடம், “எம்புட்டு காட்டுறீக?” என்று பணிவாகக் கேட்டவர், என் பக்கம் திரும்பி, “ஏலே, வத்தலை அள்ளுலே,” என்றார்.