பாதிமுகக் கில்ஜா

கில்ஜா என்ற பேரை சுன்தோக் முதன்முதலில் கேட்டது பொதுக் குளியல் விடுதியில், முதுகெல்லாம் நுரையோடு குந்தியிருந்தபோது. சொன்னவள் சுன்தோக்கின் மாமனாருடைய தம்பிக்கு இரண்டாவது மருமகள், ஓரகத்தி முறை. அவள் முதுகு தேய்த்துவிட்டால் ஊர்க்கதை முழுதும் அழுக்கோடு சேர்ந்து வந்துவிடும்.

"என் அத்தை மக கில்ஜான்னு ஒருத்தி இருக்காக்கா. அவ மூஞ்சில எண்ணெய் ஊத்தாமலே அடை சுடலாம். அந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு முகப்பூச்சு விக்கக் கிளம்பியிருக்கா!"

சுன்தோக் சிரித்த சிரிப்பில் தலையில் ஊற்றிக்கொண்ட தண்ணீர் ஒரு மடக்கு உள்ளே போய்விட்டது. பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்தவர்களும் சிரித்தார்கள். கில்ஜா புருஷனை இழந்து, உயிரியோங் ஊரில் அண்ணன் வீட்டில் எட்டு வருஷம் ஒதுங்கிக் கிடந்தவள் என்பதை ஓரகத்தி அதற்கப்புறம்தான் சொன்னாள். அந்த அண்ணி வாய் திறந்து ஒரு வார்த்தை வைய மாட்டாளாம். சோற்றுக் கிண்ணத்தை மேசையில் வைக்கிற சத்தத்திலேயே எல்லாவற்றையும் சொல்லிவிடுவாளாம்.

வீட்டுக்கு வந்து கண்ணாடி பார்த்த சுன்தோக்குக்குச் சிரிப்பு அடங்கிவிட்டது. தென்கொரியாவின் மாசான் துறைமுகத்து மீன் கடைத்தெருவில் விடிகாலையிலிருந்து வெங்காயத்தாள் அடை சுடுகிறவள் அவள். பத்து மணிக்கெல்லாம் நெற்றியும் மூக்கும் பளபளக்கும். ஆனால் வாய்விட்டுச் சிரித்தால் கன்னம் காய்ந்த கணவாய் மாதிரி விண்ணென்று இழுக்கும். எண்ணெய்தான் எதிரி என்று முதுகு தேய்க்கிற பச்சைச் சொரசொரத் துணியாலேயே முகத்தையும் பரபரவென்று தேய்ப்பாள். தேய்க்கத் தேய்க்க எண்ணெய் கூடியதே தவிரக் குறையவில்லை.

அந்தக் குளிர்காலத் தொடக்கத்தில் கில்ஜாவே தோளில் பையோடு அடைக்கடை முன்னால் வந்து நின்றாள். நாற்பத்தெட்டு வயசு, குட்டை உருவம், நல்ல சிரித்த முகம். மூக்கு மட்டும் மின்னியது.

"அக்கா, உங்க முகத்துல மேல எண்ணெய், உள்ள தண்ணிப் பஞ்சம்."

"ஏம்மா, உன் மூக்கு தெருவிளக்கு மாதிரி எரியுது. நீ எனக்குச் சொல்ல வந்துட்டியா?"

"அதனாலதான் தெரியுது. எனக்கும் இதே தோல்தான்."

கேட்காமலேயே ஒரு சின்னப் புட்டியை எடுத்து சுன்தோக் முகத்தில் புஸ்ஸென்று அடித்தாள். மிஸ்ட் என்றாள். மழைத்தூறல் மாதிரி சில்லென்று இறங்கியது. இழுத்துக் கட்டியிருந்த கன்னம் தளர்ந்தது.

"அடிச்சிட்டு ஈரம் காயறதுக்குள்ள உள்ளங்கையால ஒத்தி எடுங்க. மேல கொஞ்சம் கிரீம். அந்தச் சொரசொரத் துணியத் தூக்கிப் போடுங்க."

யார் காதில் விழுந்தது? சுன்தோக்கும் கருவாட்டுக்காரி சூபோங் அம்மாவும் இன்னும் ஏழெட்டுப் பேரும் புட்டியை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். ஏற்கெனவே எண்ணெய் வழிகிற முகத்துக்கு யாராவது கிரீம் தடவுவார்களா? ஆளுக்கு ஒரு நாளைக்கு இருபது தடவை புஸ் புஸ்ஸென்று அடித்துக்கொண்டு, அந்த ஈரத்தோடேயே கரியடுப்பைப் பார்த்துக் குளிர் காய்ந்தார்கள்.

பத்தே நாள். கன்னமெல்லாம் வெள்ளை வெள்ளையாகச் செதில் கட்டியது. மூக்கு மட்டும் பழையபடி மின்னியது.

அடுத்த தடவை கில்ஜா வந்தபோது சூபோங் அம்மா எழுந்து வழியை மறித்துக்கொண்டாள். கையில் ஒரு கருவாடு.

"இங்க பாரு. இது என் கருவாடு, இது என் கன்னம். எது எதுன்னு நீயே சொல்லு!"

"கிரீம் போட்டீங்களாக்கா?"

"எதுக்கு? உன்னை மாதிரி வழியறதுக்கா? இந்தா புடி உன் புட்டி!"

ஒவ்வொருத்தியாகப் புட்டிகளைக் கொண்டுவந்து அடைக்கடைப் பலகையில் டொக் டொக்கென்று வைத்தார்கள். கில்ஜா அவற்றை எடுத்துப் பைக்குள் அடுக்கினாள். எல்லோரும் போன பிறகு சுன்தோக் ஒரு அடையைப் பிய்த்து அவள் பக்கம் தள்ளினாள்.

"சாப்பிடு. முகமே செத்துப்போச்சு."

"சந்திரப் புத்தாண்டுக்குள்ள இந்தத் தெருவுல பதினஞ்சு பேரு நிரந்தரமா வாங்கணும்க்கா. இல்லேன்னா கம்பெனியில இந்தத் தெருவை வேற ஒருத்திக்குக் கொடுத்துடுவாங்க. நான் திரும்ப அண்ணன் வீட்டுக்குத்தான் போகணும்."

அந்த அண்ணி வைக்கிற கிண்ணச் சத்தம் சுன்தோக்கின் காதிலேயே கேட்டது போலிருந்தது. குளியல் விடுதியில் சிரித்ததை நினைத்து இன்னொரு துண்டு அடையையும் பிய்த்து வைத்தாள். ஆனாலும் ஒன்றைக் கேட்காமல் விட அவளால் முடியவில்லை.

"உண்மையச் சொல்லு. நீ கிரீம் போடறியா?"

கில்ஜா அடையைப் பார்த்தாள். சட்டியைப் பார்த்தாள்.

"இல்லக்கா. பயம். இன்னும் எண்ணெய் வழியுமோன்னு."

"அடிப்பாவி! ஊருக்கெல்லாம் சொல்லிட்டு?"

"கம்பெனி வகுப்புல சொன்னாங்க, நானும் சொன்னேன்."

சுன்தோக்குக்குச் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்தது. கில்ஜா மீதி அடையை மென்று விழுங்கினாள். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"அக்கா, பொரிச்ச கோழி வாங்கறப்போ பாதி காரம், பாதி வெறும் வறுவல்னு வாங்கறோமில்ல? என் மூஞ்சியையும் அப்படிப் பாதி பாதியா பிரிச்சுடறேன். எல்லாரும் பாக்கட்டும்."

மறுநாள் காலையிலிருந்து தினமும் அடைக்கடை முன்னால்தான் அந்தக் கூத்து. முகம் முழுக்க மிஸ்ட் அடிப்பாள். இடது கன்னத்தை அப்படியே கரியடுப்புப் பக்கம் திருப்பிக் காயவிடுவாள். வலது கன்னத்தை ஈரத்தோடு உள்ளங்கையால் ஒத்தி, அரைப் பட்டாணி அளவு கிரீம் தடவுவாள். அதற்கப்புறம் தெருவெல்லாம் சுற்றுவாள்.

பாதிமுகம் என்ற பேர் இரண்டாம் நாளே ஒட்டிக்கொண்டது. "ஏய் பாதிமுகம், இன்னைக்கு எந்தப் பக்கம் வெந்துது?" என்பார்கள் மீன்காரிகள். செதில் ஒட்டிய கையோடு அவள் தாடையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். சூபோங் அம்மா இடது கன்னத்தின் மேல் ஒரு பானை மக்கல்லி அரிசிக் கள் பந்தயம் கட்டினாள். வலது பக்கம் எண்ணெய் ஊற்று கிளம்பும் என்று அவள் அடித்துச் சொன்னாள்.

முதல் மூன்று நாள் வலது கன்னம் மினுமினுத்தது நிஜம்தான். சூபோங் அம்மா கள்ளுக்குக் கிண்ணமே எடுத்து வைத்துவிட்டாள். கில்ஜா அன்று அடையைத் தொடக்கூட இல்லை. சுன்தோக்தான், "இன்னும் நாலு நாள் பொறு, கல்லு சூடாகாம அடை வேகுமா?" என்று அதட்டி உட்கார வைத்தாள். வெளியே சொல்லவில்லையே தவிர, அவளும் மூன்று நாளாக வீட்டில் முகம் முழுக்கக் கிரீம் தடவிக்கொண்டுதான் வந்தாள். பச்சைத் துணி மறுபடி முதுகுக்கே போய்விட்டது.

பன்னிரண்டாம் நாள் இடது கன்னம் சுண்ணாம்பு உதிர்ந்த சுவராக இருந்தது, அதன் மேலேயே எண்ணெய் வேறு. வலது கன்னம் வெந்த அரிசிக் கொழுக்கட்டை.

"பவுடர் போட்டிருக்கா!" என்று கத்திக்கொண்டு வந்த சூபோங் அம்மா, மேசை துடைக்கிற ஈரத்துணியால் எல்லோர் முன்னாலும் அந்த வலது கன்னத்தை அழுத்தித் துடைத்தாள். துணியில் ஒன்றும் ஒட்டவில்லை. விரலால் தொட்டாள். அப்புறம் தன் கன்னத்தைத் தொட்டாள். மறுபடி கில்ஜாவைத் தொட்டாள்.

"என் புட்டிய எங்கடி வெச்சிருக்கே?"

"பையிலதான்க்கா."

"குடு. அந்தக் கிரீமையும் குடு. கள்ளு சாயங்காலம் வரும்."

அன்றைக்கே ஒன்பது பேர் நிரந்தர வாடிக்கையாகப் பேர் கொடுத்தார்கள். புத்தாண்டுக்கு முந்தின வாரம் சுன்தோக்கையும் சேர்த்துப் பதினாலு. பதினைந்தாவது ஆள் கிடைக்கவே இல்லை. மிச்சமிருந்தது நத்தைக்காரக் கிழவி ஒருத்திதான். "இந்த மூஞ்சிய இனிமே யார் பாக்கப்போறா?" என்று அவள் விரட்டிவிட்டாள்.

கடைசி நாள் மதியம் சுன்தோக்கின் புருஷன் படகிலிருந்து நேராக வந்து நின்றுகொண்டே அடை தின்றார். முப்பது வருஷமாகக் கணவாய் பிடிக்கிறவர், ஒரு நாளைக்கு நாலு வார்த்தைக்கு மேல் பேசாதவர். உப்புக்காற்றில் வெடித்த கன்னத்தைச் சொறிந்துகொண்டே, "என் பேரை எழுதிக்கோ," என்றார்.

"அண்ணே, ஆம்பளைங்களச் சேப்பாங்களான்னு தெரியலியே!"

"எனக்கு மூஞ்சி இல்லையா?"

கடைத்தெருவே சிரித்தது. சுன்தோக் கரண்டியை ஓங்கினாள், ஆனால் அவளும்தான் சிரித்தாள். கில்ஜா போன் போட்டுக் கேட்டாள். கம்பெனி அலுவலகத்து மேற்பார்வைக்காரி, வாடிக்கையாளர் என்றால் வாடிக்கையாளர்தான் என்றாளாம். தெரு கில்ஜாவிடமே நின்றது.

இப்போது கில்ஜா கடைத்தெருவுக்கு மேலேயுள்ள சந்தில், இரண்டாம் மாடியில் தனியாகக் குடியிருக்கிறாள். செவ்வாயும் வெள்ளியும் பையோடு கீழே இறங்கி வருகிறாள்.