ஜெசிதா கண்ட ஓட்டை

ஜெசிதா கருவிலேயே பயந்தவள் என்று அவளுடைய அம்மா இராசாத்தி சொல்லுவாள். பெற்றவள் சொன்னால் நாம் மறுக்க முடியுமா? பல்லி விழுந்தாலும் ஊரைக் கூட்டுவாள். குருநகரில், கடலிலிருந்து நாலு வீடு தள்ளிப் பிறந்திருந்தும் முழங்காலுக்கு மேலே தண்ணீரில் இறங்கியவள் அல்ல. அப்படிப்பட்டவள்தான் இணையப் பாதுகாப்புப் படிக்கப் புறப்பட்டாள். நம்பினால் நம்புங்கள்.

நகரத்தில் ஒரு கைத்தொலைபேசிக் கடையில் அவளுக்கு வேலை. ஒருநாள் ஒரு பெண் வந்தாள். அவளுடைய முகநூலை எவனோ பிடித்துக்கொண்டு, அவள் பெயரிலேயே கண்ட கண்ட படங்களைப் போடுகிறானாம். அந்தப் பெண் கடை வாசலில் குந்தியிருந்து அழுதாள், ஜெசிதாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அந்த அழுகை காதுக்குள்ளேயே நின்றது. அதன்பிறகு எட்டு மாதம், வேலை முடிந்து வந்து, இலவச வகுப்புகளைக் கைத்தொலைபேசியிலேயே பார்த்துப் பார்த்துப் படித்தாள்.

பிறகு இணையப் பாதுகாப்புப் பழகுகிறவர்களின் குழு ஒன்று இருப்பதாக அறிந்தாள். ரியூசன் வகுப்பு ஒன்றின் மேல்மாடியில் சனிக்கிழமைகளில் பதினைந்து பேர் கூடுவார்கள். அவசரமென்றால் ஓடலாம் என்று முதல்நாள் கதவோரம் இருந்தாள். "நீங்கள் எந்தப் பக்கம், சிஸ்டத்தை அடிக்கிற பக்கமோ காக்கிற பக்கமோ?" என்று ஒரு பெடியன் கேட்க, "குருநகர்ப் பக்கம்" என்றாள் இவள். சிரிப்பில் மாடி அதிர்ந்தது. குழுவை நடத்துகிற ஆரபி, இணுவில்காரி, வங்கியொன்றில் கணினிப் பகுதியில் இருப்பவள், "உதுகள் கிடக்குதுகள், நீர் முன்னுக்கு வாரும்" என்று பக்கத்தில் இருத்திக்கொண்டாள். இவளைப் போய்ச் சிரித்தார்களே என்று எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. அவளோ அடுத்த கிழமையும் போனாள்.

குழுவின் முதல் விதி வாட்ஸ்அப்பின் உச்சியிலேயே இருந்தது: உரிமையாளரைக் கேட்காமல் எதையும் தொடாதே. ஜெசிதா அதை மனப்பாடம் செய்துவைத்திருந்தாள்.

அந்த மாதம்தான் கடற்றொழிலாளர் சங்கம் படகுகளுக்கெல்லாம் சின்னப் பெட்டி ஒன்று பொருத்தியது. படகு கடலில் எங்கே நிற்கிறது என்று அது ஒரு கம்பனியின் செயலிக்குச் சொல்லும். ஆபத்தென்றால் அழுத்த அதில் ஒரு சிவப்புப் பொத்தானும் உண்டு. அப்பா மரியரட்ணத்தின் படகுப் பக்கத்தைக் கணினியில் திறந்து பார்த்தபோது, மேலே இணைய முகவரியின் கடைசியில் படகின் இலக்கம் இருப்பதை ஜெசிதா கண்டாள். இலக்கத்தை மாற்றினால் என்ன வரும்? கை விசைப்பலகைக்குப் போனது. ஆனால் விதி விதிதானே. அடுத்த இலக்கம் தாய்மாமன் லெனாட்டின் படகு. கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவரிடம் ஓடினாள்.

"மாமா, உங்கடை படகின்ரை விபரத்தை ஒருக்கால் திறந்து பாக்கட்டோ?"

"என்ரை படகு தானே, பாரன். ஏறியிருந்தும் பாரன்!"

அந்தக் கரையில் படகுக்காரன் சொன்னால் அதற்கு மேலே சொல்லு இல்லை. அவன் ஓம் என்னாமல் கூடப்பிறந்தவன்கூடப் படகின் முன் அணியத்தில் கால்வைக்கமாட்டான். ஆகவே ஜெசிதா நிம்மதியாக இலக்கத்தை மாற்றினாள். திறந்துவிட்டது. கடவுச்சொல்லும் கேட்கவில்லை, ஒரு மண்ணும் கேட்கவில்லை. மாமாவின் அடையாள அட்டை இலக்கம், வீட்டு விலாசம், வலை போடுகிற இடம், நேற்றுப் புறப்பட்ட நேரம், எல்லாம் பப்பரப்பா என்று கிடந்தன. போன வருடம் கரையில் மூன்று படகு இயந்திரங்கள் களவு போயிருந்தன. இனிக் கள்ளனுக்கு அலைச்சலே இல்லை, எந்த வீட்டில் ஆம்பிளை இல்லை, எந்த வலை காவலில்லாமல் கிடக்கிறது என்று கதிரையில் இருந்தபடியே பார்க்கலாம்.

கம்பனிக்கு எழுதினாள். பெயரும் தொலைபேசி இலக்கமும் போட்டு, மரியாதையாகத்தான் எழுதினாள். மூன்றாம் நாள் கம்பனியிலிருந்து அழைப்பு வந்தது.

"உள்ளுக்குப் போக ஆர் உங்களுக்கு அனுமதி தந்தது?"

"படகுக்காரர்."

"படகுக்காரருக்கும் எங்கடை சிஸ்டத்துக்கும் என்ன சம்பந்தம்? நீங்கள் செய்தது குற்றம் தங்கச்சி. பொலிசிலை முறைப்பாடு குடுக்கப் போறம். திங்கட்கிழமை சங்கத்துக்கு வாறன், நில்லுங்கோ."

பொலிஸ் என்ற சொல் அந்த வீட்டுக்குள் வந்ததும் இராசாத்தி அடுப்பை அணைத்துவிட்டாள். மாதாவே மாதாவே என்று அவள் புலம்ப, ஜெசிதாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தெருவில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாலே ஒளிந்தாள். குழுவில் கேட்டபோது, "எல்லாத்தையும் அழி" என்றான் ஒருவன். இன்னொருவன் சத்தமில்லாமல் குழுவைவிட்டே போய்விட்டான், வீரன்! அந்தப் பக்கத்தை அத்தாட்சிக்கு அவள் பிடித்துவைத்த படங்களின்மேல் விரலை வைத்து அழிக்கப் போன நேரம் ஆரபி அழைத்தாள்.

"ஒண்டையும் அழியாதையும். அழிச்சால் களவெடுத்த மாதிரிப் போயிடும். உரிமையாளர் எண்டு நாங்கள் சொன்னது அந்தச் சிஸ்டத்துக்காரரை, ஜெசிதா. படகுக்காரரை இல்லை."

"ஐயோ, அக்கா! நான் கேட்டுத்தானே செய்தனான்…"

"தெரியும். நான் லீவு போட்டிட்டு வாறன். பயப்பிடாதையும்."

பயப்படாதே என்றால் பயம் போய்விடுமா? மூன்று நாள் சோறு இறங்கவில்லை.

திங்கட்கிழமை சங்க மண்டபத்தில் ஐம்பது பேர் இருந்தார்கள். மடிப்புக் குலையாத சேட்டோடு வந்த கம்பனிக்காரர் ஒரு தாளை நீட்டினார். செயலியில் எந்தக் குறையும் இல்லை, நான் தவறாகப் புகுந்தேன், இனிச் செய்யமாட்டேன் என்று அதில் அச்சடித்திருந்தது. கையெழுத்து வைத்தால் பொலிஸ் இல்லை, விஷயம் முடிந்தது.

"வைச்சிட்டு வா பிள்ளை" என்றார் மரியரட்ணம் மெல்ல.

பேனையை வாங்கியவள் தாளை இன்னொருமுறை வாசித்தாள். ஆரபி பக்கத்தில் நின்றாள்.

"நான் பிழை செய்தனான். அதை எழுதுங்கோ, வைக்கிறன்" என்றாள் ஜெசிதா. "குறை இல்லை எண்டு மட்டும் எழுதாதேங்கோ. குறை இருக்கு."

"அப்ப பொலிசிலை சந்திப்பம்."

லெனாட் எழும்பினார். "நான் தான் பாக்கச் சொன்னனான். என்னையும் சேத்து எழுதும்!"

கம்பனிக்காரர் தாளைச் சுருட்டிக்கொண்டு போனார். மண்டபம் கசமுசா என்று இரைந்தது. மரியரட்ணம் மகளிடம் வந்தார்.

"இப்பவும் ஆரும் பாக்கலாமோ?"

"ஓம் அப்பா. இப்பவும்."

"அப்ப அவங்கள் அந்த ஓட்டையை அடைக்கிறவரைக்கும் நான் பெட்டியை நிப்பாட்டுறன்."

"அப்பா, நிப்பாட்டினால் சிவப்புப் பொத்தானும் வேலை செய்யாது!"

"முப்பது வருசம் பெட்டியோடையே கடலுக்குப் போனனான்? விசர்ப் பிள்ளை." சிரித்தார். கேட்டுக்கொண்டு நின்ற மற்றவர்களும் தலையாட்டினார்கள்.

அடுத்தநாள் விடியக் கடலுக்குப் போன படகுகள் ஒன்றிலும் பெட்டியின் விளக்கு எரியவில்லை. பத்து மணிக்குக் காற்று மாறியது. கடைக்குப் போன ஜெசிதா பாதியில் திரும்பி ஓடிவந்தாள். ஒவ்வொரு படகாகக் கரைக்கு வந்தது. பன்னிரண்டுக்கு லெனாட் மாமா வந்தார், நனைந்து, முகம் வெளிறி. "கொப்பர் கரைக்கெண்டு எனக்கு முன்னுக்கு வெளிக்கிட்டவர், பிள்ளை" என்றார். இராசாத்தி மணலில் முழங்காலில் நின்றாள். கடல் சாம்பல் நிறமாய் இரைந்துகொண்டு கிடந்தது, ஜெசிதா செயலியைத் திறப்பதும் மூடுவதுமாக நின்றாள். அப்பாவின் படகு இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை.

அப்போது கையில் போன் அதிர்ந்தது. கம்பனியின் மின்னஞ்சல். பெட்டியெல்லாம் ஒரேயடியாக நின்றதும் அவர்களுக்குக் கண் திறந்திருக்கவேண்டும். குறை திருத்தப்பட்டுவிட்டதாம், முறைப்பாடு இல்லையாம், அறிவித்ததற்கு நன்றியாம். ஆரபிக்கும் அதன் பிரதி போயிருந்தது. குழு பொங்கியது. கைதட்டல்கள், பூக்கள், பெருவிரல்கள். முதல்நாள் பக்கம் கேட்ட பெடியனும் வாழ்த்தியிருந்தான். ஆரபியோ, "எங்கடை குழுவிலை ஓட்டை கண்டுபிடிச்ச முதல் ஆள் நீர்தான்! சனிக்கிழமை மேடையிலை நீர்தான் கதைக்கவேணும். என்ன, பேச்சையே காணேல்லை?" என்று கேட்டிருந்தாள்.

ஜெசிதா ஈர விரலால் எழுதினாள்.

"அப்பா இன்னும் கரைக்கு வரேல்லை அக்கா."