லிப்ட்: உண்டு

பேரம் பேசாமல் ஒரு கட்டுக் கீரை வாங்கக்கூட எனக்குத் தெரியாது. இருபது ரூபாய் என்றால் பதினைந்துக்குக் கேட்பேன். பதினைந்து என்றால் பத்துக்கு. விற்கிற பக்கம் நின்றாலும் அதே புத்திதான்: எப்படியும் குறைப்பான், அதனால் ஏத்திச் சொல்லு. இந்த ஞானத்தோடுதான் வீட்டுக்கு விலை மதிப்புச் சொல்லும் இணையதளத்துக்குள் போனேன்.

ராஜகீழ்ப்பாக்கத்தில் மூன்றாவது மாடி பிளாட் எங்களுடையது. ஐம்பத்தேழு படி. லிப்ட் கிடையாது. இருபது வருஷத்துக்கு முன்னால் வாங்கும்போது, "காத்து பிச்சுக்கினு வரும் சார்" என்றார் பில்டர். காற்று வந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் என் மனைவியின் முழங்கால் போய்விட்டது. "படி ஏறாதீங்கம்மா" என்று டாக்டர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு வந்து, அதே படியில்தான் ஏறினோம். ஒவ்வொரு திருப்பத்திலும் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காய்கறி வண்டி வந்தால் பால்கனியிலிருந்து கயிற்றில் கூடையை இறக்கி வாங்குவாள். இதை விற்றுவிட்டுத் தரைத்தளத்தில் ஒரு வீடு பார்ப்பது என்று முடிவு செய்தோம். அவளுக்குப் பெரிய ஆசையெல்லாம் இல்லை. நினைத்தபோது தெருவுக்குப் போய்வர வேண்டும், அவ்வளவுதான்.

இணையதளம் கேள்வி கேட்டது. எத்தனை சதுர அடி? எண்ணூற்று எழுபது. நான் ஆயிரத்து ஐம்பது என்று போட்டேன். கட்டடத்தின் வயது? பன்னிரண்டு. கார் நிறுத்துமிடம்? ஸ்கூட்டர் நிற்கிறதே, உண்டு. அடுத்து லிப்ட். இதில்தான் கொஞ்சம் யோசித்தேன். லிப்டுக்கு என்று பில்டர் இடம் விட்டிருக்கிறார். அதில் நாலு வீட்டுக்காரர்களும் உடைந்த சைக்கிளும் பழைய வாஷிங் மெஷினும் போட்டு வைத்திருக்கிறோம். இடம் இருக்கிறதா இல்லையா? உண்டு என்று தட்டினேன்.

என் மனைவி தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "சதுர அடியை ஏங்க ஏத்திப் போடறீங்க?"

"எப்படியும் குறைப்பாங்க."

"யாரு குறைப்பாங்க? அது மிஷின் ஆச்சே."

"மிஷினுக்குச் சொல்லிக் குடுத்தவன் மனுஷன்தானே? அவனுக்குத் தெரியாதா நம்ம ஊர் வழக்கம்?"

அவள் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மிஷின் அரை நிமிஷம் சுற்றியது. அறுபத்தெட்டு லட்சம் என்றது. ஒரு பைசா குறைக்கவில்லை!

இதற்கப்புறம் நடந்ததைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஒரே வாரத்தில் நான் என்னென்ன புளுகினேன் என்பது மறந்துபோனது. விலை மட்டும் மறக்கவில்லை. காலையில் காபியோடு அதைத் திறந்து பார்ப்பேன். அடுத்த மாதம் அது அறுபத்தொன்பது ஆனது. சும்மா உட்கார்ந்திருந்த எனக்கு ஒரு லட்சம்! அன்றைக்குக் கீரைக்காரம்மா கேட்ட விலையை அப்படியே கொடுத்தேன். அந்தம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

அப்போதுதான் படப்பையிலிருந்து ஒருவர் வீடு பார்க்க வந்தார். ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. கெட்டிக்கார மனிதர். போர் தண்ணீரை உள்ளங்கையில் பிடித்து வாயில் விட்டுப் பார்த்தார். கீழே மளிகைக் கடையில், மழைக்குத் தெருவில் தண்ணீர் நிற்குமா என்று ஏற்கெனவே விசாரித்திருந்தார். "முட்டி அளவு, ரெண்டு நாள்" என்று கடைக்காரர் உண்மையைப் போட்டு உடைத்திருந்தார். இதையெல்லாம் எந்த இணையதளம் கேட்டது?

"ஐம்பத்திரண்டு தரேன் சார்," என்றார்.

நான் போனை எடுத்து நீட்டினேன்.

அவர் பொறுமையாகப் பார்த்தார். "சார், அக்கம்பக்கத்துல எல்லாரும் கேக்கற விலையைப் பார்த்துதான் இது சொல்லுது. கடைசியில வாங்கினவங்க குடுத்த விலை இதுக்கு எப்படித் தெரியும்?"

எனக்கு வந்ததே கோபம்! "அப்ப படிச்சவங்க உக்காந்து கணக்கு போட்டது தப்பு, நீங்க சொல்றது ரைட்டு?" என்று கத்திவிட்டேன். மனிதர் காபியைக் குடித்து முடித்து, டம்ளரைக் கீழே வைத்து, "யோசிச்சு சொல்லுங்க சார்" என்று இறங்கிப் போனார்.

மூன்று மாதம் ஓடியது. வந்தவர்களில் பாதிப் பேர் இரண்டாவது மாடியிலேயே மூச்சு வாங்கித் திரும்பினார்கள். ஒருநாள் மத்தியானம் நான் தாம்பரம் வரை போய்விட்டு வருகிறேன், இரண்டாவது மாடித் திருப்பத்தில் அவள் படியில் உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் பை. வண்டிக்காரர் இரண்டு நாளாக வரவில்லையாம், தானே இறங்கிப் போயிருக்கிறாள்.

"எவ்ளோ நேரமா இங்க உக்காந்திருக்கே?"

"இப்பதான்."

பையில் கொத்தமல்லி துவண்டு கிடந்தது. பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"போனைக் குடுங்க," என்றாள்.

அந்தப் படியிலேயே உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருத்தினாள். எண்ணூற்று எழுபது. இருபது வருஷம். கார் இல்லை. அடுத்ததற்கு வந்ததும் விரல் நின்றது. "லிப்ட் உண்டுன்னா போட்டிருக்கீங்க?"

"இடம் இருக்குல்ல..."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "ஏங்க, லிப்ட் இருந்தா நாம ஏங்க விக்கிறோம்?"

மிஷின் மறுபடி சுற்றியது. ஐம்பத்து மூன்று.

பாவம், அதைச் சொல்லிக் குற்றமில்லை. உண்மையைச் சொன்னால் அதுவும் ஏறக்குறைய உண்மையைத்தான் சொல்கிறது. மழைத்தண்ணீர் மட்டும் அதற்குத் தெரியாது.

வீட்டுக்குள் வந்ததும் படப்பைக்காரரை அழைத்தேன். நல்லவேளை, இன்னும் எதையும் முடிக்கவில்லை. "நீங்க சொன்ன ஐம்பத்திரண்டுக்கே சரி சார். வந்து அட்வான்ஸ் குடுங்க," என்றேன்.

"சார்..." என்று இழுத்தார். "பத்திரத்துல ஏதாவது வில்லங்கமா?"

"ஐயோ, அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார்."

"அன்னிக்கு அவ்ளோ பேசினீங்க. இப்ப டக்குனு ஒத்துக்கறீங்களே?"

வாழ்க்கையில் முதல் தடவையாகப் பேரம் பேசாமல் இருந்தால் இந்த மரியாதை! என் மனைவி எதிரில் நின்று, ஏத்திக் கேளுங்க, ஏத்திக் கேளுங்க என்று இரண்டு கையாலும் ஜாடை காட்டினாள். "சரி, ஒரு லட்சம் சேர்த்துக் குடுங்க," என்றேன். "அதெல்லாம் முடியாது சார், ஐம்பதாயிரம் போட்டுக்கறேன்," என்றார் உடனே. குரலில் தெம்பு திரும்பியிருந்தது. கால் மணி நேரம் பேசி அதற்கே முடித்தோம். இருவருக்கும் நிம்மதி.

இப்போது செம்பாக்கத்தில் இருக்கிறோம். தரைத்தளம், சின்ன வீடு, கொசு அதிகம். வந்த மறுநாள் காலை அவள் பையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய் வந்தாள். உப்பை மறந்துவிட்டேன் என்று மறுபடி போனாள். வந்து, கறிவேப்பிலை மறந்துபோச்சு என்று மூன்றாவது தடவை கிளம்பினாள்.

"லிஸ்ட் எழுதிக்கக் கூடாதா?" என்று கத்த வாயெடுத்தேன். அப்போதுதான் உறைத்தது. அந்த மூன்றாவது மாடியில் அவள் ஒருநாளும் எதையும் மறந்ததில்லை.