பதினொரு மணி நேர ரயில்

அவருக்கு ஆபீசில் வைத்த பேர் டைம்டேபிள். அந்தப் பயண ஏஜென்சியில் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனால் மூன்றாவது மேஜை அவருடையது. யார் வந்து உட்கார்ந்தாலும் முதல் கேள்வி, "எத்தனை நாள் லீவு?" அதற்குப் பிறகுதான் எங்கே போகிறீர்கள், எத்தனை பேர் எல்லாம். ஒரு வெள்ளைத் தாளில் குறுக்கே மூன்று கோடு போடுவார். விமானம், ரயில், பஸ். ஒவ்வொன்றுக்கும் நேரே புறப்படும் நேரம், இறங்கும் நேரம், நடுவில் காத்திருக்கும் நேரம். கூட்டிக் கழித்துப் பார்த்து, "ராத்திரி ரயில் எடுங்க. தூங்கி எழுந்தா ஊர் வந்துடும். ஒரு பகல் மிச்சம்" என்பார். இருபத்தாறு வருஷமாக இதே பல்லவிதான். ஊர் உலகத்துக்கெல்லாம் பகலை மிச்சம் பிடித்துக் கொடுத்த மனுஷன், தன் வாழ்க்கையில் நாட்டு எல்லை தாண்டி ஒரு அடி வைத்ததில்லை. சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

அவர் மனைவி வீட்டிலேயே பள்ளிக்கூட யூனிபார்ம் தைப்பவள். சமையலறையில் அடுப்புக்கு எதிரே, ஏஜென்சியில் கொடுத்த காலண்டர் ஒன்று மாட்டியிருந்தாள். பக்கத்து நாட்டு ஏரியின் படம். சுற்றி மலை, நடுவில் தண்ணீர், ஓரத்தில் ஒரு படகு. அந்த வருஷம் முடிந்து ஒன்பது வருஷம் ஆகியும் காலண்டரைக் கழற்றவில்லை. "தேதி பார்க்கவா மாட்டினேன்?" என்பாள். போகலாம் போகலாம் என்று இவரும் தலையாட்டிக்கொண்டே இருந்தார். சீசன் வந்துவிட்டால் ஆபீசில் மூச்சு விட நேரமிருக்காது. சீசன் முடிந்தால் அங்கே பனி.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவள் அடிக்கடி இடித்துக்கொள்ள ஆரம்பித்தாள். கதவு, மேஜை முனை, கட்டில். "கட்டில் கால் என் காலைத் தேடி வந்து இடிக்குது" என்று சிரித்தாள். சாயங்காலம் மாடிப்படியில் ஒரு படியைத் தவறவிட்டு விழுந்த பிறகுதான் கண் டாக்டரிடம் போனார்கள். டாக்டர் நேரடியாகச் சொல்லிவிட்டார். பக்கவாட்டுப் பார்வை ஏற்கெனவே போய்விட்டது. இருட்டில் ஒன்றும் தெரியாது. நேர்ப் பார்வையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கும். ஒரு வருஷம், மிஞ்சிப்போனால் இரண்டு. வெளியே வந்து பஸ்சுக்கு நிற்கும்போது அவள் கேட்டது ஒன்றுதான்.

"அந்த ஏரியை மட்டும் பார்த்துடலாமாங்க?"

"பார்த்துடலாம்" என்றார் அவர். மறுநாள் ஆபீசில் முதல் வேலையாக வெள்ளைத் தாளை எடுத்துக் கோடு போட்டார். விமானத்தில் போனால் இரண்டு மணி நேரம்; ஆனால் இறங்கிய இடத்திலிருந்து நாலு மணி நேரம் வளைந்து வளைந்து போகிற மலைப் பஸ். வளைவு வந்தாலே அவளுக்கு வயிற்றைப் புரட்டும். அதை அடித்தார். பகல் ரயில் ஒன்று உண்டு. பதினொரு மணி நேரம், பத்தொன்பது ஸ்டேஷன், எல்லாவற்றிலும் நிற்கும். ஆபீசில் அதற்கு ஆமை வண்டி என்று பேர். அதில் டிக்கெட் எடுத்தவர் யாரும் திரும்பி வந்து நல்ல வார்த்தை சொன்னதில்லை. அதையும் அடித்தார். மிச்சமிருந்தது ராத்திரி ரயில். ஒன்பது மணிக்கு ஏறினால் காலை ஆறு பத்துக்கு ஏரிக்கரை. இரண்டு பேருக்கும் கீழ்ப் படுக்கை கிடைத்ததில் மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டிக்கெட்டை அவள் தையல் மெஷின் மேல் வைத்தார். "ஒரு முழுப் பகல் மிச்சம் பிடிச்சிருக்கேன்" என்றார்.

அவள் துணியை ஒதுக்கிவிட்டு, தாளைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் படித்தாள். "ராத்திரியா?"

"ஆமா. தூங்கி எழுந்தா ஏரி."

"வழியெல்லாம் மலைன்னு சொன்னீங்களே."

"மலைதான். பதினாலு சுரங்கம் இருக்கு."

"சரிங்க" என்று தாளை மடித்துக் கொடுத்துவிட்டு, காலர் துணியை எடுத்து ஊசிக்குக் கீழே வைத்தாள். "பரவாயில்ல. ஏரி இருக்கே, அது போதும்."

மெஷின் ஓட ஆரம்பித்தது. அவர் நின்ற இடத்திலேயே நின்றார். பேய் அறைந்த மாதிரி இருந்தது. கண்ணில் வெளிச்சம் இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும் என்று தவிக்கிறவளை, பார்க்கவேண்டிய மலையத்தனையும் இருட்டில் தாண்டிக் கூட்டிப்போக டிக்கெட் எடுத்திருக்கிறார். அதையும் பெருமையாக வந்து நீட்டியிருக்கிறார். ஒரு புது ஆள்கூடச் செய்யமாட்டான் இந்தத் தப்பை. இருபத்தாறு வருஷம் அந்த மேஜையில் உட்கார்ந்தவருக்குத்தான் வரும். அவளானால் ஒரு குறைச்சொல் சொல்லவில்லை. அதுதான் அவரை வதைத்தது.

திங்கட்கிழமை டிக்கெட்டை மாற்றினார். விசா பார்க்கும் மேடம் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "சார், ஆமை வண்டியா? வேற யார் தலையிலயும் கட்ட முடியலைன்னு நீங்களே எடுத்துக்கிட்டீங்களா?"

"இன்னும் மெதுவாப் போற வண்டி இருந்தா சொல்லும்மா, அதை எடுத்துக்கறேன்" என்றார் அவர். மேடம் அதற்கப்புறம் சிரிக்கவில்லை. ஜன்னல் ஓரம் எந்தப் பக்கம் நல்ல காட்சி என்று தானே போன் போட்டு விசாரித்துக் கொடுத்தாள்.

காலை ஏழு மணி வண்டி. அவள் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியைப் புடவைத் தலைப்பால் துடைத்து மாட்டிக்கொண்டாள். பக்கவாட்டில் தெரியாது என்பதால், ஒரு பொருளைப் பார்க்க முகத்தையே அதன் பக்கம் திருப்ப வேண்டும். வண்டி போகப் போக அவள் முகமும் திரும்பிக்கொண்டே இருந்தது. நம் ஆள் என்ன செய்தார்? நேர அட்டவணையை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, "இந்த ஸ்டேஷனுக்கு மூணு நிமிஷம் லேட்டு... இப்ப ரெண்டு நிமிஷத்தை ஈடு கட்டிட்டான்" என்று டிக் அடித்துக்கொண்டு வந்தார். பிறவிக் குணம்.

இரண்டாவது சுரங்கம் தாண்டியதும் அவள் அந்தத் தாளைப் பிடுங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"வெளியே பாருங்க."

"நீ பாரும்மா. உனக்காகத்தானே வந்தோம்."

"நான் பார்த்துடுவேன். ரெண்டு வருஷம் கழிச்சு எனக்கு மறந்துபோச்சுன்னா யாரைக் கேப்பேன்? நீங்கதானே சொல்லணும். இப்ப பார்க்கலைன்னா அப்ப எதைச் சொல்லுவீங்க?"

அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொண்டார், நிறைந்த கண்ணோடு எதைப் பார்ப்பது? வண்டி ஒரு சின்ன ஸ்டேஷனில் நின்றது. அவள் வேண்டுமென்றே கண்ணை மூடிக்கொண்டு, "என்ன தெரியுது?" என்றாள்.

"எட்டாவது ஸ்டேஷன்."

"அது தாளுலயே இருக்கு. என்ன தெரியுது?"

தடுமாறினார். "ஒரு வீடு. மரக் கதவு. கதவுகிட்ட ஒரு பக்கெட்."

"என்ன நிறம்?"

"நீலம்."

அவள் கண்ணைத் திறந்து, முகத்தைத் திருப்பி, தேடிப் பிடித்துப் பார்த்தாள். "வெறும் நீலம் இல்லைங்க. அஞ்சாறு தடவை துவைச்ச யூனிபார்ம் நீலம்."

அப்படியே பதினொரு மணி நேரமும் போயிற்று. வெயில் இருக்கும்போதே இறங்கினார்கள். ஏரி காலண்டரில் இருந்த மாதிரியேதான் இருந்தது. அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு வெளிச்சம் தீரும்வரை கரையில் நின்றாள்.

டாக்டர் சொன்ன கணக்கு தப்பவில்லை. இப்போது அவள் காலண்டர் இருக்கும் சுவரைத் தடவிக்கொண்டுதான் அடுப்புப் பக்கம் போகிறாள். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு முடித்ததும் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து வண்டியைக் கிளப்புவார். முதல் சுரங்கம், மூங்கில் பாலம், ஆட்டுக் கூட்டம். எட்டாவது ஸ்டேஷன் வரும்.

"மரக் கதவு. பக்கத்துல ஒரு சிவப்பு பக்கெட்."

"சிவப்பா? என்ன ஆளுங்க நீங்க" என்று அவள் முகத்தை அந்தப் பக்கம் திருப்புவாள். "நீலம். துவைச்ச யூனிபார்ம் நீலம். எனக்கு அப்படியே தெரியுது."

"ஓ, நீலமா" என்பார் அவர். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் சிவப்பு என்றுதான் சொல்வார்.