பள்ளிக்கூடம் கட்டிய படம்

பழைய படங்களைத் துடைத்துப் பெரிதாக்கும் தொழிலில் கண் வலிப்பதைவிட, வருகிறவர்கள் சொல்லும் கதைகளைக் கேட்டுக் காதுதான் அதிகம் வலிக்கும். கடை போட்டு உட்கார்ந்திருக்கும் உங்களுக்கெல்லாம் இது புரியும்.

அதிபர் கொண்டுவந்தது

எங்கள் ஸ்டூடியோ தலவாக்கலையில் இருக்கிறது. ஒரு நாள் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்து அதிபர், யாழ்ப்பாணத்துக்காரர், உள்ளங்கை அளவு கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றைக் கொண்டுவந்தார். பள்ளியின் முதல் கட்டடம் எழும்பும்போது எடுத்தது. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டு இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்து ஆட்களே கல் சுமந்து, மண் குழைத்துக் கட்டிய கட்டடம் அது. பாதிச் சுவர், மூங்கில் சாரம், தலையில் கூடையோடு பெண்கள். எல்லார் மேலும் பூஞ்சைக் கறை.

ஆண்டு விழாவில் மண்டபத்தில் மாட்ட நாலடி அகலத்தில் வேண்டுமாம். மூன்று நாள் கேட்டேன். "ஆறு நாள் எண்டாலும் எடுங்கோ, ஆனா ஒரு அழுக்கும் தெரியாமல் வடிவாச் செய்து தாங்கோ" என்றார்.

சாரத்தில் நின்றவர்

துடைத்து முடித்ததும் மாதிரிப் பிரதி ஒன்றைக் கடைக் கண்ணாடியில் ஒட்டினேன். பெருமையடித்துக்கொள்ள எனக்கு வேறு இடம் ஏது? பாஸ்போர்ட் படத்துக்கு உள்ளே வந்தவர்களைவிட வெளியே நின்று பார்த்தவர்களே அதிகம்.

லிந்துலை பஸ்ஸில் வந்திறங்கிய ஒரு பெரியவர், சாரத்தில் நிற்கும் ஒல்லி ஆளைத் தொட்டு, அது தான்தான் என்றார். மேசன் வேலை பார்த்தவர். முகத்தை எவ்வளவு தெளிவாக எடுத்திருக்கிறேன் பாருங்கள் என்றேன். மனிதர் அந்தப் பக்கமே திரும்பவில்லை. "மூஞ்சி கெடக்கட்டும் தம்பி, சொவரப் பாருங்க. நூல் புடிச்ச மாதிரி இருக்கா இல்லியா?"

துடைத்த இடம்

ஐந்தாம் நாள் பாக்கியம் அக்கா வந்தார். கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். கூடை சுமக்கும் பெண்களில் கடைசியாக நின்றவரைக் காட்டி, "எங்கம்மா" என்றார். அம்மா சீக்கிரமே போய்விட்டாராம். வேறு படம் கிடையாது. படிக்கிற காலத்தில் இது அதிபர் அறையில் தொங்கியபோது தினமும் எட்டிப் பார்ப்பாராம்.

அவருடைய விரல் அம்மாவுக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டது. "இங்க வெள்ளையா ஒண்ணு இருக்குமே?"

அந்தக் கறையை இரண்டு மணி நேரம் பாடுபட்டு, தடமே தெரியாமல் அழித்த கதையை மார்தட்டிச் சொன்னேன். அவர் கண் கலங்கிவிட்டது. "அது கறை இல்ல தம்பி, சேலைத் தொட்டில். உள்ள நான்தான் படுத்திருந்தேன்."

மண்டபத்தில்

வெட்கம் பிடுங்கித் தின்றது. நல்லவேளை, அசல் படம் கையில் இருந்தது. மறுபடி ஸ்கேன் செய்து பெரிதாக்கிப் பார்த்தேன். மூங்கிலில் முடிச்சுப் போட்ட சேலை. அதற்கு வெளியே ஒரு சின்னக் கால் நீட்டிக்கொண்டிருந்தது. அதை ஒரு புள்ளி குறையாமல் நாலடிப் பிரதியில் கொண்டுவந்தேன். இத்தனை வருஷத்தில் என் வேலையை நினைத்து இவ்வளவு பெருமைப்பட்டதில்லை.

விழாவன்று படத்தை மாட்டியதும் அதிபர் முகம் சுளித்தார். "இந்த வெள்ளை அழுக்கை விட்டிட்டீங்களே!" நான் வாயைத் திறக்குமுன் பாக்கியம் அக்கா முன்னால் வந்துவிட்டார். மண்டபமே திரும்பிப் பார்த்தது.

"அழுக்கு இல்லங்க சார். சொவரு எழும்புறதுக்கு முன்னாடியே இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்த புள்ள!"

இப்போதெல்லாம் யார் பழைய படம் கொண்டுவந்தாலும், கறையில் கை வைக்குமுன் அது யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டுவிடுகிறேன்.