கேட்டோரம் என்ன நடுவது

சாக்கடைக்குத் தோண்டியபோது எங்கள் வீட்டுக் கேட்டோரம் நின்ற எலுமிச்சை மரம் போய்விட்டது. அதே இடத்தில் இன்னொரு எலுமிச்சைக் கன்று வைக்கலாம் என்றாள் மனைவி. இட்லிப்பூச் செடி போதும் என்றேன் நான். எலுமிச்சைக்கு முள் உண்டு, இலையைப் புழு தின்னும், காய்க்கும்வரை காத்துக் கிடக்க வேண்டும். இட்லிப்பூ என்றைக்கும் பச்சையாக நிற்கும், அவ்வப்போது வெட்டிவிட்டால் போதும் என்றெல்லாம் காரணம் அடுக்கினேன்.

உண்மையில் எனக்குத் தூக்கம்தான் வேண்டியிருந்தது. ராத்திரி பஸ் ஓட்டிவிட்டு வந்து பகலில் படுப்பவன் நான். மரம் நின்ற நாளில், கண் அசரும் நேரம் பார்த்துக் காலிங் பெல் அடிக்கும். புது பைக் எடுத்தவருக்குச் சக்கரத்தின் அடியில் வைக்க வேண்டும். பஸ்ஸில் வாந்தி எடுக்கிறவளுக்கு முகர்ந்து பார்க்க வேண்டும்.

“அக்கா, ரெண்டு எலுமிச்சங்கா தாரீங்களா?”

மனைவி பறித்துக் கொடுத்து, அவர்கள் வீட்டுக் கதையையும் கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருவாள்.

கடைசியில் இட்லிப்பூவைத்தான் நட்டோம். அது இப்போது கேட் உயரத்துக்குப் புதராகிவிட்டது. நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். பகலெல்லாம் தூக்கம் வராமல் கிடக்கிறேன். பெல்லை ஒருவரும் தொடுவதில்லை.

போன வாரம் தண்ணீர் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தேன். ஒரு கிண்ணம் நிறையக் கடை எலுமிச்சை, பாதி வாடிப்போய் இருந்தது.

“நம்ம ரெண்டு பேருக்கு இவ்வளவு எதுக்கு?” என்றேன்.

“ஆராவது கேட்டு வந்தா இல்லன்னு சொல்ல முடியுமா?” என்றாள்.