என் மகன் கையில் இருந்த அவள் தழும்பு

பள்ளிவாசல் ரோட்டில் மூன்றாவது வளைவில் நிற்கிறதே கருங்கல் தாங்குசுவர், அது நான் கட்டியது. அதற்கு மேலே உள்ள இரண்டு மதகும் நான்தான். எஸ்டேட்டில் கூலிக்காரர் குடியிருக்க ஆறு லயம், ஒரு மாட்டுத் தொழுவம், துரை பங்களாவுக்குப் புகைபோக்கி, மாரியம்மனுக்கு ஒரு கோயில், எல்லாம் என் கை. போடிப் பக்கத்திலிருந்து மலையேறி வந்தபோது என்னிடம் இருந்தது ஒரு கம்பளி, ஒரு சட்டி, இரண்டாம் வகுப்புப் படிப்பு. அந்தப் படிப்பிலும் பாதி, வாத்தியார் வராத நாள். மழை பிடித்தால் மலையையே பெயர்த்துக்கொண்டு போகிற சீமை இது. இஞ்சினீயர் போட்ட சுவர் போயிருக்கிறது. என் சுவர் போகவில்லை. சந்தேகம் இருந்தால் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

ஆனால் நான் கட்டியதிலேயே கஷ்டமானது கல் இல்லை. அரைத் தாள் காகிதம். அது என் தங்கை மகளுக்காக வாங்கியது.

தங்கை காய்ச்சலில் போனபோது அந்தப் பெண்ணுக்கு ஐந்து வயது. என் வீட்டில்தான் வளர்ந்தாள். எஸ்டேட் டிஸ்பென்சரியில் கட்டுத் துணி துவைக்கப் போய், காயம் கழுவப் பழகி, பிரசவம் பார்க்கிற அம்மாளுக்குக் கூடமாட நின்றாள். பதினெட்டு வயதானதும் மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் மருத்துவச்சிப் படிப்புக்கு இடம் கிடைத்தது. எங்கள் லயத்தில் யாருக்கும் கிடைக்காத இடம். நான் மூன்று நாள் தரையில் நடக்கவில்லை.

அப்புறம் இன்னொரு கடிதம் வந்தது. போன தடவை ஒருத்தி பேரில் இன்னொருத்தி வந்து சேர்ந்துவிட்டாளாம். அதனால் இவள்தான் அவள், வயது பதினெட்டு ஆயிற்று என்று, போட்டோ ஒட்டி, சர்க்கார் முத்திரை வைத்த காகிதம் வேண்டும். திங்கட்கிழமை காலைக்குள் கொண்டுவராவிட்டால் இடம் அடுத்தவளுக்கு.

அன்று வியாழன். என் மகன் அப்போது எஸ்டேட் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். அவனிடம் லைசென்சு இருந்தது, அதில் அவன் மூஞ்சி இருந்தது. வண்டி ஓட்டுகிறவனுக்குக் காகிதம் உண்டு. ஓட்டாதவள் யாரென்று சொல்ல உலகத்தில் ஒரு துண்டுச் சீட்டும் இல்லை. பிறந்ததை எவரும் பதியவில்லை. பள்ளிக்கூடத்தில் பேர் மட்டும்தான் இருந்தது.

வழி சொன்னவர் எஸ்டேட் கணக்கப்பிள்ளை. அந்த நியாயத்தை நான் மறைக்கவில்லை. டிஸ்பென்சரியில் பழைய அம்மை குத்தின ரிஜிஸ்தர் இருக்கிறது, கைக்குழந்தையாக இருந்தபோது இவள் பேர், வயது எல்லாம் அதில் ஏறியிருக்கும் என்றார். தேடி எடுத்தார். இருந்தது. பெண் குழந்தை, ஒன்பது மாதம், வலது கையில் இரண்டு குத்து. எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். நான் மட்டும் கோட்டைத் தூசி தட்டுகிற சாக்கில் வெளியே வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை மகன் லாரியில் என்னையும் அவளையும் கணக்கப்பிள்ளையையும் தேவிகுளம் தாலுகா ஆபீசுக்குக் கொண்டுபோனான். நான் கோட்டும் தலைப்பாகையும் போட்டிருந்தேன். ரோட்டு வேலை எனக்கு அந்த ஆபீஸ் வழியாகத்தான் வந்துகொண்டிருந்தது. மேஸ்திரி என்றால் பியூன்கூட எழுந்து வழிவிடுவான். அங்கே குமாஸ்தா ஒருவர், மலையாளத்துக்காரர். போட்டோவைக் கண்டதும் ஒரு அச்சுப் பாரத்தை எடுத்துப் போட்டு, பேனாவை மையில் தொட்டுக்கொண்டு கேட்டார்:

"ஏது வண்டியா ஓடிக்குன்னது? லாரியோ, காரோ?"

போட்டோவோடு அந்த மேஜைக்கு வந்தவர்கள் அதுவரை டிரைவர்கள் மட்டும்தான்.

"சாமி, இவ மாடுகூட ஓட்டுனதில்ல" என்றேன்.

ஓட்டாதவளுக்கு எதற்குப் போட்டோ என்று அவருக்குக் கோபம். கணக்கப்பிள்ளை ரிஜிஸ்தரை விரித்து, கடிதத்தைக் காட்டி, அரைமணி நேரம் மலையாளத்தில் பேசி அவரை வழிக்குக் கொண்டுவந்தார். கடைசியில் குமாஸ்தா வரியில் விரலை வைத்துக்கொண்டு, வலது கையைக் காட்டச் சொன்னார்.

அவள் ரவிக்கைக் கையைத் தோள் வரைக்கும் ஏற்றினாள். வழவழவென்று இருந்தது. ஒரு புள்ளி இல்லை. இடது கையும் அப்படியே. குமாஸ்தா ரிஜிஸ்தரைப் படீரென்று மூடினார். ஆள் மாறாட்டம் என்று மலையாளத்தில் அவர் சொன்னது எனக்கே புரிந்தது.

அவள் அழவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"மாமா, எங் கையில ஏன் ஒண்ணுமில்ல?"

அவள் குழந்தையாக இருந்தபோது அம்மை குத்துகிறவர் எஸ்டேட்டுக்கு வந்தார். குத்தாத பிள்ளை இருந்தால் குடும்பத்தோடு மலையிறங்க வேண்டும் என்று உத்தரவு. தங்கைக்கு மூத்தது ஒன்று காய்ச்சலில் போயிருந்தது. குத்தினால் இதுவும் காய்ச்சல் கண்டு போய்விடும் என்று குழந்தையைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் பார்த்தேன். என் மகனுக்கு அப்போது ஒன்றரை வயது. அவனை முதல் லயத்து வரிசையில் காட்டி இடது கையில் குத்தவைத்தேன். வீட்டுக்குத் தூக்கிவந்து, குத்தின கையைத் துணியால் மூடி, பாவாடை கட்டி, பொட்டு வைத்து, வசம்பு வளையல் மாட்டி, அடுத்த லயத்து வரிசையில் தங்கை மகளாகக் கொண்டுபோய் நிறுத்தினேன். அந்த மனுஷனைக் கண்டதுமே பையன் அலறினான். தொடுவதற்கு முன்னாலேயே அழுகிற கெட்டிக்காரக் குழந்தை என்று அவர் மெச்சி, வலது கையில் குத்தினார். துரை, டிஸ்பென்சரியில் மருந்து கட்டுகிற டிரெசர், கணக்கப்பிள்ளை ஒருவர் கண்ணிலும் படவில்லை. அப்படிச் செய்ய இந்த மலையில் வேறு எவனுக்கு வரும்?

இப்போது அதைச் சொன்னால் சர்க்கார் ரிஜிஸ்தரில் பொய் ஏற்றியவன் நான். ரோட்டு வேலை போகும். கோட்டும் போகும். தலைப்பாகையை இழுத்துக் கட்டிக்கொண்டேன். அதற்குமேல் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"ஒண்ணுமில்லாததுக்கு நாந்தான் காரணம். ஆனா தழும்பு இருக்கு. வெளிய லாரியில இருக்கு" என்றேன்.

மகனைக் கூப்பிட்டுச் சட்டையைக் கழற்றச் சொன்னேன். இடது கையில் இரண்டு, அவனுடையது. வலது கையில் இரண்டு, அவளுடையது. நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். மகன் தன் வலது கையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"இத அட்டை கடிச்ச தழும்புன்னுல்லா அம்மா சொன்னா" என்றான்.

கணக்கப்பிள்ளை விடுவாரா? "மேஸ்திரி, சுவருக்குத்தான் பூசுவீருன்னு நெனச்சேன். பிள்ளை கையிலயும் பூசியிருக்கீரே."

சத்தம் கேட்டுத் தாசில்தாரே உள்ளறையிலிருந்து வந்துவிட்டார். நாகர்கோவில் பக்கத்துக்காரர், நம் பேச்சு. இரண்டு கையையும் ஒப்பிட்டுப் பார்த்தார், ரிஜிஸ்தரைப் பார்த்தார், என் தலைப்பாகையைப் பார்த்தார். "ஒருத்தனுக்கு ரெண்டு பேர் அம்மை, ஒருத்திக்கு ஒண்ணுமில்ல. நல்ல கணக்கு வே" என்று சொல்லிச் சிரித்தாரே பார்க்கலாம், குமாஸ்தாவும் சிரித்தார், பியூனும் சிரித்தான். என் ரோட்டு வேலை பிழைத்தது என்று அந்தச் சிரிப்பிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

ஆனால் உத்தரவு உத்தரவாகத்தான் போட்டார். முதலில் பெண்ணுக்கு இன்றைக்கே அம்மை குத்தி வரவேண்டும். நான் வாயெடுப்பதற்குள் அவள் வாசலில் நின்றாள். சரிவுக்குக் கீழே சர்க்கார் ஆஸ்பத்திரி. தானே கையை நீட்டினாள், ஊசியைக் கண்கொட்டாமல் பார்த்தாள், எத்தனை ஆழம் குத்த வேண்டும் என்று குத்துகிறவரிடமே கேட்டாள். பதினேழு வருஷம் முன்னால் பயந்தவன் நான்தான் போலிருக்கிறது. அன்றும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

திரும்பி ஓடினோம். ஆபீஸ் மூடக் கொஞ்ச நேரமே இருந்தது. குமாஸ்தா எழுதினார்: வயது பதினெட்டு பூர்த்தி, அங்க அடையாளம், வலது கையில் புதிதாக அம்மை குத்திய காயம் இரண்டு. அடுத்த வரி, அடையாளம் காட்டியவர். நான் பேனாவை வாங்கக் கையை நீட்டினேன். என் பேரை எழுத எனக்குத் தெரியும், அழகாகவே எழுதுவேன். தாசில்தார் தடுத்தார்.

"ஒரு தடவ இவளுக்குப் பதிலா வேற பிள்ளையக் காட்டுன ஆளு நீரு. நீரு காட்டுனா செல்லாது."

பிறந்ததிலிருந்து அவளை அறிந்தவர் என்று கணக்கப்பிள்ளை சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டார். முத்திரை விழுந்தது. அந்தச் சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. என் சுவர்களுக்குக் கடைசிக் கல் வைத்தபோதுகூட அப்படிச் சத்தம் கேட்டதில்லை. திங்கட்கிழமை காலை மதுரையில் அவள் காகிதத்தை நீட்டும்போது புண் இன்னும் ஆறவில்லையாம். காகிதத்தையும் கையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே விட்டார்களாம்.

இன்று இந்த மலையில் பாதிப் பேர் அவள் கையில் பிறந்தவர்கள். போன மாதம் அவளுக்கு மாலை போட்டார்கள். நான் முன் வரிசையில், அந்தக் கோட்டில். பேசும்போது, தனக்குக் காகிதம் வாங்கித் தந்த கணக்கப்பிள்ளையை ஒருநாளும் மறக்க மாட்டேன் என்றாள். எல்லோரும் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை.

அந்தக் காகிதத்தைக் கண்ணாடி போட்டு வீட்டில் மாட்டி வைத்திருக்கிறாள். கணக்கப்பிள்ளை கையெழுத்துக்கு மேலே இரண்டு விரல் இடம் காலியாக இருக்கிறது, நான் அளந்து பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றட்டும். பேனாவைத் தரட்டும். அந்த இடத்தில் என் பேர் வரவேண்டும். மகன் பேரையும் வேண்டுமானால் சேர்க்கட்டும், கை கொடுத்தவன் அவன்தானே. ஆனால் என் பேருக்குக் கீழே.